ஆறாவது அறிவு யாருக்கு?

மனுஷனுக்கு ஆறறிவு, மிருகத்துக்கு ஐந்தறிவு என்று ஸ்கூலில் மனப்பாடம் பண்ணியவர்கள்தான் நாம் எல்லோரும். அந்த ஆறாவது எது என்று கேட்டால் பேச்சு, கருவி, பாசம் என்று ஆளுக்கொன்று சொல்வோம். கருவி 1960-லேயே போச்சு. தான்சானியாவின் கோம்பே காட்டில் சிம்பன்ஸி புல்தண்டைப் புற்றுக்குள் விட்டுக் கரையான் எடுத்துத் தின்பதை ஜேன் குடால் பார்த்துவிட்டார். பாசமா? ரத்தம் குடிக்கும் வௌவால்கூட, பட்டினியாய்த் திரும்பிய கூட்டாளிக்குத் தான் குடித்ததைக் கக்கிக் கொடுக்கிறது.

ஆனால் கூட்டாளிக்குத்தான். சிம்பன்ஸி கூட்டத்திடம் வெளி ஆண் ஒன்று தனியாக மாட்டினால் அடிதான், சில சமயம் சாவு. (போனோபோ குரங்குகள் கொஞ்சம் தாராளம். அதை ஒத்துக்கொள்கிறேன் :-))

நம்ம மும்பைக்கு வாங்க. 2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை. லோக்கல் நின்றுவிட்டது, மித்தி ஆறு பொங்கிவிட்டது. தாதரிலிருந்து செம்பூருக்கு நடந்த கும்பலில் நானும் ஒருத்தன். கிங் சர்க்கிள் பக்கம் இடுப்பளவு தண்ணீரில் கயிறு கட்டி ஆட்களைக் கரை சேர்த்த பையன்கள் யார் பெயரையும் கேட்கவில்லை. சயானில் ஒரு மராட்டி அம்மா, தன் வீட்டுக்குள்ளேயே கணுக்கால் தண்ணீர் நிற்கும்போது, "சஹா கே, பாளா" என்று டீயும் பார்லே-ஜியும் நீட்டினார். இனி அவரை நான் பார்க்கப்போவதில்லை என்று இருவருக்குமே தெரியும். முகம் தெரியாதவனுக்கு, திரும்பி வராது என்று தெரிந்தே கொடுப்பது. மனுஷன் உசத்தி என்றால் இதில்தான் உசத்தி என்பது என் கட்சி.

ரொம்பவும் துள்ள வேண்டாம். இதே ஊர், இதே தாராவி 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் எரிந்தது. செத்தவர்கள் 900 பேர் என்பது ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்கு. அப்போது முதலில் கேட்டதே பெயரைத்தான். அதற்கும் முன்னால், 1960களின் கடைசியில், மதராஸி என்று நம்மவர் ஹோட்டல்கள் அடி வாங்கியதைப் பெரியவர்கள் சொல்வார்கள். மழையில் டீ கொடுத்ததும் அந்த ஊர்தான், கல் எறிந்ததும் அந்த ஊர்தான்.

தொல்காப்பியர் கில்லாடி. மரபியலில் ஆறறிவை மக்களுக்குக் கொடுத்துவிட்டு, 'மாக்கள்' என்று ஒரு கூட்டத்தை விலங்குகளோடு ஐந்தறிவிலேயே நிறுத்தி வைத்திருக்கிறார். உரைக்காரர்கள் அதற்கு என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், 93-ஐ நினைத்தால் எனக்கு அர்த்தம் புரிகிறது.

ஜூலை 26 கதையை நம்ம வீடுகளில் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்த ஜனவரிக் கதையை எத்தனை வீட்டில் சொல்கிறார்கள்? என் மகளுக்கு இரண்டையும் சொல்லியிருக்கிறேன். டீ கொடுத்த அம்மா கதையைத்தான் மறுபடி மறுபடி கேட்கிறாள்.