ஒரே பொருளுக்கு எத்தனை விலை?

பேரங்காடியின் வாசலில் எவரிடமும் சாதி கேட்கப்படுவதில்லை என்றும், முதலாளியின் கையிலும் தொழிலாளியின் கையிலும் ஒரே கைப்பேசி இருக்கும் காலத்தில் வர்க்கத்தையும் சாதியையும் கொண்டு சமூகத்தை விளக்க முற்படுவது வெறும் பழக்கதோஷம் என்றும் அண்மையில் வேறோர் இதழில் வெளியான கட்டுரை ஒன்று வாதிடுகிறது. அதைப் பாராட்டியவர்களுள் முற்போக்கு முகாமைச் சேர்ந்தோரும் இருப்பதால் இவ்வாதத்தை எளிதாகக் கடந்துபோக இயலவில்லை.

இவ்வாதம் புதியதும் அன்று. ஹெர்பர்ட் மார்க்யூஸ் 1964இல் வெளியிட்ட ‘ஒற்றைப் பரிமாண மனிதன்’ நூலில், தொழிலாளியும் முதலாளியும் ஒரே தொலைக்காட்சி நிகழ்ச்சியை ரசிப்பது வர்க்கம் மறைந்ததற்குச் சான்றாகாது, நிலவும் அமைப்பைக் காக்கும் தேவைகள் அடித்தளம் வரை பரவிவிட்டதற்கே சான்றாகும் என்று இதற்கு விடையளித்துவிட்டார். அந்நியமாதல், அதாவது உழைப்பவர் தம் உழைப்பின் விளைபொருளிலிருந்தும் தம்மிடமிருந்துமே பிரிக்கப்படும் நிலை, குறித்து 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் தமிழ்ச் சிற்றிதழ்கள் நடத்திய விவாதங்கள் இச்சிந்தனை மரபோடு நெருங்கி உறவாடியவை. சோவியத் நாட்டிலிருந்து மலிவு விலையில் வந்திறங்கிய முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்களுக்கும், அப்பதிப்பகம் ஏற்க மறுத்த மேலை மார்க்சியர்களுக்கும் இடையே நின்று ஒரு தலைமுறை உறக்கம் தொலைத்து வாதிட்டது. எதிரெதிர் அணியில் நின்றவர்களும் ஒன்றில் உடன்பட்டிருந்தனர்: பண்டத்தின் பளபளப்போடு நின்றுவிடாமல், அதற்குள் மறைந்துகிடக்கும் மனித உறவைக் காண வேண்டும். அந்தப் பயிற்சி கைவிடப்பட்டதால்தான் கடை வாசல் சமத்துவத்தின் அளவுகோலாகிவிட்டது.

1956இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனத்தைச் சுற்றி எழுந்த நெய்வேலி நகரியம், அந்த அளவுகோலைச் சோதித்துப் பார்க்க ஏற்ற இடம். 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்துக்கும், 2011இல் தொடங்கிய மிக்சி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்துக்கும் பிறகு, வீட்டுச் சாதனங்களைக் கொண்டு ஏற்றத்தாழ்வை அளப்பது தமிழகமெங்கும் கடினமாகிவிட்டது உண்மையே. நிழல் மரங்கள் சூழ்ந்த வட்டங்களில் பதவித் தரத்துக்கேற்ப ஒதுக்கப்பட்ட குவார்ட்டர்ஸில் வாழும் நிரந்தரத் தொழிலாளியின் வீட்டிலும், அருகிலுள்ள மந்தாரக்குப்பத்திலோ வடக்குத்திலோ வாடகைக்குக் குடியிருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் வீட்டிலும் ஒரே நிறுவனத்தின் குளிர்பதனப் பெட்டி இருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டி இருவர் வீட்டுக்கும் ஒரே வழியில் வந்து சேர்வதில்லை.

நிரந்தரத் தொழிலாளியின் சம்பளச் சீட்டே அவருக்குப் பிணை. அதைக் காட்டிக் கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ குறைந்த வட்டிக்குக் கடன் பெறவும், மாதந்தோறும் சம்பளத்திலேயே பிடித்தம் செய்ய ஒப்புக்கொண்டு கவலையின்றி இருக்கவும் அவரால் முடிகிறது. பிணையாகக் காட்ட ஏதுமில்லாத ஒப்பந்தத் தொழிலாளி பெரும்பாலும் தண்டலை, அதாவது நாள்தோறும் வசூலிக்கப்படும் தனியார் கடனை, நாட வேண்டியிருக்கிறது. 10,000 ரூபாய்க் கடன் என்றால் வட்டியை முன்னதாகவே பிடித்துக்கொண்டு 9,000 அல்லது 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பது தண்டலின் வழக்கமான முறை. கடையில் ஒட்டப்பட்ட விலை இருவருக்கும் ஒன்றுதான் என்றாலும், குறைந்த கூலி பெறுபவரே கூடுதல் விலை கொடுக்கிறார். வேலை நின்றுபோனால் அவர் வீட்டில் பொருள் நிற்காது. ஆகவே நுகர்வைப் பற்றிய எந்த ஆய்வும் எது வாங்கப்பட்டது என்பதோடு முடிந்துவிடாமல், எந்த நிபந்தனையில் வாங்கப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த நிபந்தனைகள் இயற்கையாக விளைந்தவை அல்ல. ஆண்டு முழுதும் நீடிக்கும் பணிகளில் ஒப்பந்த முறையைத் தடைசெய்யும் அதிகாரத்தை 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் அரசுக்கு அளித்திருந்தும், ஒரே சுரங்கத்தில் ஒரே ஷிப்டில் அருகருகே நிற்பவர்களுக்கு இருவேறு ஊதியம் வழங்கும் ஏற்பாடு பல பதிற்றாண்டுகளாக நீடிக்கிறது. பணிநிரந்தரம் கோரி நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளர்கள் மீண்டும் மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கியதும், 2014 மார்ச் 17 அன்று இரண்டாம் சுரங்கப் பகுதியில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை வீரர் சுட்டதில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் உயிரிழந்ததும் நுகர்வோர் சமத்துவம் பேசுவோரின் கணக்கில் ஏறுவதில்லை. 2023 ஜூலையில் அதே நிறுவனத்தின் சுரங்கப் பணிக்காக வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட விளைந்து நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கியதும் அவர்கள் கணக்கில் இல்லை. பேரங்காடிகளின் விளக்குகளுக்கும் குளிர்சாதனங்களுக்கும் மின்சாரம் தருவது நிலத்தையும் உழைப்பையும் கொடுத்த இத்தகைய ஊர்களே.

சந்தை சாதி கேட்பதில்லை என்னும் கூற்றை மறுக்க நெய்வேலியைத் தாண்டியும் செல்ல வேண்டும். பொருளை விற்கும் கடை சாதி கேட்காமல் இருக்கலாம். வாங்கிய பொருளோடு ஊர் திரும்புபவரை ஊர் கேட்கிறது. 1930 டிசம்பரில் இராமநாதபுரத்தில் ஆதிக்க சாதியினர் ஒடுக்கப்பட்டோர் மீது விதித்த எட்டுத் தடைகளில் பொன், வெள்ளி நகைகளுக்கான தடையும் அடங்கும். 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் புகுந்த காவல்துறையினர், வெளிநாட்டு உழைப்பின் பயனாகத் தலித் குடும்பங்கள் சேர்த்திருந்த தொலைக்காட்சிகளையும் மின்விசிறிகளையும் தேடித்தேடி உடைத்தனர். 2012 நவம்பர் 7 அன்று தருமபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி குடியிருப்புகளைத் தாக்கியவர்கள், வெளியூர்களில் உழைத்துத் தலித்துகள் வாங்கிய இருசக்கர வாகனங்களையும் பீரோக்களையும் எரித்தனர், சூறையாடினர். பொருள் சாதியைக் கரைத்திருந்தால், சாதி இவ்வளவு துல்லியமாகப் பொருளைத் தேடி அழித்திருக்காது.

தலித் வாழ்வில் பொருள் சேர்வதைச் சிறுமைப்படுத்தும் துறவு மனப்பான்மை இவ்விதழுக்கு இல்லை. நல்ல உடையும் நல்ல வீடும் வாகனமும் எல்லோருக்கும் உரியவை; அவற்றை விரும்புவோரை நுகர்வு வெறியர் என்று பழிப்பது, தலைமுறைகளாக அவற்றைத் துய்த்தவர்களின் ஒழுக்கபோதனை மட்டுமே. ஆனால் பொருளை வாங்கும் உரிமையைச் சமத்துவமென்று கொண்டாடிவிட்டு, சம வேலைக்குச் சம ஊதியத்தையும், ஈட்டிய பொருளோடு அச்சமின்றி வாழும் பாதுகாப்பையும் பேசாமல் விடும் விமர்சனம் ஆளுவோருக்கு மட்டுமே பயன்படும். இவ்விரண்டையும் கேட்கும் தொழிற்சங்கத்தோடும் சாதி ஒழிப்பு இயக்கத்தோடும் மீண்டும் உரையாடத் தொடங்குவதே தமிழ்ச் சிற்றிதழ்களின் முதற்பணி. அவ்வுரையாடல் நிகழாத வரையில், நுகர்வைப் பற்றி இவ்விதழ்களில் எழுதப்படும் கோட்பாடு எதுவும் விளம்பரத்துக்கு எழுதப்பட்ட உரையாகவே எஞ்சும்.