அமீனாவும் மாமூலும்

தமிழ்நாட்டு அலுவலகப் பேச்சில் அரபு மொழியிலிருந்து வந்து வேரூன்றிவிட்ட சொற்கள் பல. ஜில்லா, தாலுகா, வசூல், ஜப்தி என்று அடுக்கிக்கொண்டே போகலாம். அவற்றுள் இரண்டை மட்டும் எடுத்து எதிரெதிரே நிறுத்திப் பார்ப்போம். ஒன்று, அமீனா. நீதிமன்ற ஆணையை நிறைவேற்றச் செல்லும் ஊழியருக்கு நாட்டில் வழங்கிவந்த பெயர். 'அமீன்' என்றால் நம்பிக்கைக்குரியவர். நபித்துவம் அருளப்படும் முன்பே மக்கத்து மக்கள் பெருமானார் (ஸல்) அவர்களை அழைத்த பெயரும் அதுவே. மற்றொன்று, மாமூல். வழக்கமாகச் செய்யப்பட்டு வருவது என்பதே அதன் நேர்ப்பொருள். இன்றோ அச்சொல்லைக் கேட்டதும் மேசைக்கடியில் நீளும் கைதான் நினைவுக்கு வருகிறது.

நம்பிக்கையின் பெயரால் அமைந்த பதவியில், வழக்கத்தின் பெயரால் கையூட்டைக் குடியேற்றியவர் யார்? வாங்குகிறவரை ஏசுவதில் நாம் குறை வைப்பதில்லை. கொடுக்கிறவரைப் பற்றி மட்டும் மௌனம் சாதிக்கிறோம். ஒருவர் ஒருமுறை வாங்கினால் அது குற்றம். ஊரே கூடிக் கொடுத்தால்தான் அது மாமூல். வழக்கத்தை உண்டாக்கும் வல்லமை வாங்குகிறவருக்கு இல்லை, கொடுக்கிறவருக்கே உண்டு. ஆகவே இக்கட்டுரை கொடுக்கிறவரை நோக்கியது.

இறைச்சி முறைப்படி அறுக்கப்பட்டதா என்று கடைக்காரரைக் கேட்கிறோம். வங்கி வட்டியைக் கையால் தொடவும் கூசுகிறோம். அதே நாம், பட்டா மாறுதலுக்கும் கட்டட அனுமதிக்கும் கொடுத்த தொகையைச் 'செலவு' என்று கணக்கில் எழுதிவிட்டுக் கை கழுவுகிறோம். கேட்டால் மூன்று சமாதானங்கள் தயாராக இருக்கின்றன.

முதலாவது, 'நாம் கொடுத்தது இலஞ்சமன்று, அன்பளிப்பு' என்பது. இதற்குரிய தீர்ப்பு பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே வழங்கப்பட்டுவிட்டது. ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட இப்னுல் லுத்பிய்யா என்பவர் மதீனாவுக்குத் திரும்பி வந்து, கொண்டுவந்ததை இரு பங்காக்கி, இது உங்களுக்குரியது, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்றார். பெருமானார் (ஸல்) அவர்கள் மிம்பரில் ஏறி, அவர் பெயரைச் சொல்லாமலே, அலுவலராக அனுப்பப்பட்டவர் தம் தாய் தந்தையரின் வீட்டில் உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று வினவினார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ள இந்நிகழ்ச்சியைவிடத் தெளிவான அளவுகோல் வேண்டுமா? தீபாவளிக்கும் பெருநாளுக்கும் அதிகாரி வீட்டுக்குக் கூடை கூடையாகப் பழம் அனுப்பும் வணிகர், அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டும் அனுப்புகிறாரா? இல்லையெனில் அக்கூடை மனிதருக்குப் போகவில்லை, நாற்காலிக்குப் போயிற்று.

அன்பளிப்பும் கைமாற்றும் ஓர் ஆட்சியையே அரிக்கும் என்பதற்குச் சேப்பாக்கத்து அரண்மனை சாட்சி. ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா, கும்பினி ஊழியர்களிடமே தனிப்பட்ட முறையில் கடன் பட்டார். அவர்கள் சம்பளம் வாங்கியது கும்பினியிடம். ஆதாயம் தேடியது நவாபிடம். பால் பென்ஃபீல்ட் என்ற ஊழியர், நவாப் தந்த கடன் உறுதிகளைக் காட்டித் தஞ்சை நிலவருவாயின்மீதே உரிமை கோரினார். அதை ஏற்க மறுத்த சென்னைக் கவர்னர் பிகட், 1776-ஆம் ஆண்டு தம் ஆலோசனை சபையின் பெரும்பான்மையோராலேயே சிறைப்படுத்தப்பட்டு, மறு ஆண்டு காவலிலேயே இறந்தார். 1785-இல் எட்மண்ட் பர்க் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இக்கடன்களின் ஊழலைத் தோலுரித்துக் காட்டினார். பயன் என்ன? 1801-இல் கர்நாடக ஆட்சியே கும்பினியின் கைக்குப் போயிற்று. உத்தியோகஸ்தரை விலைக்கு வாங்கிவிட்டதாக எண்ணுகிறவரின் வீடு கடைசியில் யார் கைக்குப் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

இரண்டாவது சமாதானம், 'எனக்கு உரியதைத்தானே கேட்டேன். கொஞ்சம் விரைவாக நடக்கக் கொடுத்தேன். யாருக்கு என்ன நட்டம்?' என்பது. மூன்று சமாதானங்களிலும் இதுவே கொடியது. ஏனெனில் இதைச் சொல்கிறவர் நல்லவராகவும் இருப்பார். அலுவலகத்தில் விரைவு என்று ஒரு சரக்குத் தனியே விற்பனைக்கு இல்லை. அங்கிருப்பது வரிசை ஒன்றே. கொடுத்தவரின் கோப்பு மேலே ஏறினால், கொடாதவரின் கோப்பு கீழே இறங்கியாக வேண்டும். கீழே இறங்கிய கோப்பு யாருடையது? கொடுப்பதற்கு ஒன்றுமில்லாத விதவையின் உதவித்தொகை மனுவாக இருக்கலாம். பள்ளியில் சேர வேண்டிய பிள்ளையின் சான்றிதழாக இருக்கலாம். நீங்கள் விலை கொடுத்து வாங்கியது அவர்களுடைய முறையை. அம்மட்டோ? நீங்கள் கொடுத்த தொகையே நாளை அந்த மேசையின் விலைப்பட்டியல். தாமதமே விலைபோகும் என்று கண்டுகொண்ட ஊழியர், தாமதத்தை உற்பத்தி செய்யாமல் வேறென்ன செய்வார்? பிறர் பொருளை அநியாயமாக உண்ணுவதற்காக அதிகாரிகளிடம் செல்வத்தைக் கொண்டு செல்லாதீர்கள் என்னும் கருத்தமைந்த அல்பகரா 188-ஆம் வசனம், கொண்டு செல்கிறவரையே விளித்துப் பேசுவதைச் சிந்தித்துப் பாருங்கள்.

மூன்றாவது, 'நிர்ப்பந்தம்' என்பது. தன் உரிமையைப் பெறவோ அநீதியிலிருந்து தப்பவோ வேறு வழியே அற்றவருக்கு மார்க்க அறிஞர் பலர் சலுகை அளித்துள்ளனர் என்பது உண்மையே. ஆனால் அச்சலுகை, பட்டினியால் சாகக் கிடப்பவனுக்கு விலக்கப்பட்ட உணவு அனுமதிக்கப்பட்டதைப் போன்றது. அதைக் காட்டி யாரும் விருந்து வைப்பதில்லை. மனுவை எழுத்தில் கொடுத்தோமா? ஒப்புகைச் சீட்டுப் பெற்றோமா? மேலதிகாரியிடம் முறையிட்டோமா? 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, கோப்பு எந்த நிலையில் உள்ளதென்று கேட்டோமா? இவற்றில் ஒன்றையும் செய்யாமல் முதல் நாளே உறையை நீட்டுகிறவருக்கு நிர்ப்பந்தம் என்ற சொல்லை உச்சரிக்கும் தகுதி ஏது? நாட்டுச் சட்டமும் 2018-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் கொடுக்கிறவரைக் குற்றவாளியாகவே காண்கிறது. தண்டனை ஏழாண்டுச் சிறைவரை செல்லும். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தாலன்றித் தப்ப முடியாது.

இனி, வீட்டுக்குள் வருவோம். மாப்பிள்ளை அரசு வேலையில் இருக்கிறார் என்றதும் பெண் வீட்டார் கேட்கும் கேள்வி என்ன? சம்பளத்தோடு கிம்பளமும் உண்டா என்று நகைச்சுவையாகக் கேட்கிறோம். உண்டென்றால் மனம் நிறைகிறோம். தனியார் நிறுவனத்தில் சரக்குக் கொள்முதல் பார்க்கும் மகன், விற்பவரிடம் இரகசியமாகத் தரகு பெற்றால் 'கெட்டிக்காரன்' என்கிறோம். பரிசோதனைக்கூடத்திலிருந்து பங்கு வாங்கிக்கொண்டு தேவையற்ற சோதனைகளை எழுதித் தரும் மருத்துவரும் இவ்வகையினரே. சம்பளம் கொடுத்தவருக்கும், நம்பி வந்தவருக்கும் தெரியாமல் பெறும் எதுவும் அமானித மோசடியே. ஊதியம் போதவில்லையெனில் உயர்த்தக் கேட்பது உரிமை. ஏழையின் மடியிலிருந்து ஈடுசெய்துகொள்வது எந்த நீதியிலும் உரிமையாகாது.

நம் பிள்ளைகள் போட்டித் தேர்வுகள் எழுதி அரசுப் பணிகளுக்குச் செல்ல வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கத்தான் வேண்டும். ஆனால் அவர்களை எதற்காக அனுப்புகிறோம்? அந்த மேசையின் இப்புறம் நின்று கொடுத்துப் பழகிய குடும்பத்தின் பிள்ளை, அப்புறம் போய் அமர்ந்ததும் வேறு மனிதனாகிவிடுவானா? தந்தை உறையை நீட்டியதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, நீட்டிய உறையை வாங்குவது புதிய பாடமன்று.

எனவே ஜமாஅத்துகள் வாழ்த்து மடல் வாசிக்குமுன், பெறுபவரின் பதவியை மட்டும் பாராமல், அப்பதவியில் அவர் நடந்துகொண்ட விதத்தையும் விசாரிக்கட்டும். வணிகர் சங்கங்கள் மாமூலுக்குப் பணம் திரட்டுவதை விடுத்து, கூட்டாகப் புகார் கொடுக்கத் துணியட்டும். பெற்றோர் மகன் கொண்டுவரும் பணத்தை எண்ணுமுன், அது வந்த வழியைக் கேட்கட்டும். கொடுக்க மறுத்தால் வேலை தாமதமாகும். சில வேளை நடக்காமலும் போகும். நட்டம் உண்மையானதே, அதை மறைத்துப் பேச வேண்டியதில்லை. அந்த நட்டத்தை வசதியுள்ள நாம் தாங்க மறுக்கும் ஒவ்வொரு முறையும், வசதியற்ற ஒருவர் நமக்காக அதைத் தாங்குகிறார். அவர் நாளை எந்த மன்றத்தில் வழக்குத் தொடுப்பார் என்பதை அறியாதவர்கள் அல்லர் நம் வாசகர்கள்.