மணவிழாவும் மதிற்சுவரும்

ஊரறிய நடப்பதே திருமணம் என்பது தமிழர் கண்ட நெறி. களவிலே கூடியவன் பின்னர் மறுத்துரைக்கும் கேடு உலகில் தோன்றியமையால்தான் கரணம் வகுக்கப்பட்டது என்பது தொல்காப்பியக் கற்பியலுக்கு உரையாசிரியர் தரும் விளக்கம். பலர் காண ஒருவன் ஒருத்தியின் கையைப் பற்றினால், பிற்காலத்தில் அவன் அதனை மறுக்க இயலாது. கண்டவர் அத்தனை பேரும் சான்றாக நிற்பர். ஆகவே மணவிழாவுக்கு வருவோர் வெறும் விருந்தினர் அல்லர், அவர்கள் சாட்சிகள். பந்தலும் மேளமும் விருந்தும் அந்தச் சாட்சிகளைக் கூட்டுவதற்கு ஏற்பட்ட துணைக் கருவிகளே.

துணைக் கருவியே தலைமை ஏற்று, சாட்சிகள் தேவையற்றோராகிவிட்ட காலம் இது. சொந்த ஊரை விட்டுப் பிறிதோர் ஊரில், கோட்டையையோ அரண்மனையையோ வாடகைக்கு எடுத்து, மூன்று நான்கு நாள் மணவிழா நடத்தும் வழக்கம் செல்வரிடையே தோன்றி, இன்று நடுத்தரக் குடும்பங்களின் கனவிலும் புகுந்துவிட்டது. 'டெஸ்டினேஷன் வெட்டிங்' என்று இதனை அழைக்கின்றனர். இதற்கு இன்னும் நல்ல தமிழ்ச்சொல் வழக்கில் ஊன்றவில்லை. மணமும் ஊரும் பிரியாதிருந்த மொழியில் அத்தகைய சொல் எளிதில் பிறவாமை வியப்பன்று.

இவ்வழக்கத்தின் தலைநகரம் இராஜஸ்தான். ஜோத்பூரின் உமைத் பவன் அரண்மனையில் 2018 டிசம்பரில் நடிகை பிரியங்கா சோப்ராவின் மணவிழா நடந்தது. 2021 டிசம்பரில் நடிகை கத்ரீனா கைஃப் பர்வாரா கோட்டையில் மணமுடித்தார். படங்கள் உலகெங்கும் பரவின. நடிகையர் எங்கு மணம் புரிந்தால் எவருக்கு என்ன? அவர்களுக்குக் கோட்டை ஒரு வகையில் தேவையும்கூட. கூட்டத்தினின்று ஒதுங்குவதற்கு அவர்களுக்கு மதில் வேண்டும். ஆனால் எந்தக் கூட்டமும் துரத்தாத ஒரு குடும்பம் எதற்காக மதிலைத் தேடிச் செல்கிறது?

இங்கேதான் உண்மை வெளிப்படுகின்றது. உமைத் பவனில் விடுதியாக நடைபெறும் பகுதியில் ஏறத்தாழ 70 அறைகளே உள்ளன. அறைக்கு இருவர் என்றால் 140 பேர். உதயப்பூரில் பிச்சோலா ஏரியின் நடுவே 18-ஆம் நூற்றாண்டில் எழுந்த ஜக் நிவாஸ் அரண்மனையோ, படகில் ஏறினாலன்றி எவரும் அடைய முடியாத இடம். தமிழ்க் குடும்பம் ஒன்றின் நெருங்கிய உறவினரை மட்டும் எண்ணினாலும் இந்த எண்ணிக்கை போதாது. எனவே பட்டியல் சுருங்குகிறது. சுருங்கும்போது விழுகின்ற பெயர்கள் எவருடையவை? விமானச் சீட்டு வாங்க இயலாத அத்தை. நான்கு நாள் விடுப்பு எடுத்தால் கூலி இழக்கும் ஒன்றுவிட்ட அண்ணன். மணப்பெண்ணைத் தூக்கி வளர்த்த அண்டை வீட்டு மூதாட்டி. அவளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியர். இவர்களை 'வராதீர்கள்' என்று எவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய சங்கடத்தைத் தொலைவே ஏற்றுக்கொள்கிறது. ஏழை உறவினரை மனம் நோகாமல் விலக்கிவைக்கும் சல்லடையாகக் கோட்டை பயன்படுகிறது. இதில் வரலாற்றுப் பொருத்தமும் இல்லாமற் போகவில்லை. வெளியாரை உள்ளே விடாதிருப்பதற்கென்றே கட்டப்பட்டதன்றோ கோட்டை!

அழகுக்காகச் செல்கிறோம், பழம்பெருமைக்காகச் செல்கிறோம் என்பர். பழம்பெருமையை நாடுவோர் அதனை முழுவதும் கண்டறிதல் நன்று. ஜோத்பூர் நகருக்கு மேலே செங்குத்தான பாறையில் நிற்கும் மெஹ்ரான்கர் கோட்டையை இராவ் ஜோதா 1459-இல் தொடங்கினார். அடித்தளத்தில் தாழ்த்தப்பட்ட மேக்வால் குலத்தவர் ஒருவர் உயிரோடு புதைக்கப்பட்டார் என்பது அங்கு வழிவழியாகக் கூறப்படும் செய்தி. அக்கோட்டையின் இரும்பு வாயிலருகே சுவரில் சிறிய கைகளின் அச்சுகள் வரிசையாகக் காணப்படுகின்றன. 1843-இல் மகாராஜா மான்சிங் இறந்தபோது உடன்கட்டை ஏறிய அவருடைய மனைவியர், கடைசியாக அவ்வாயிலைக் கடக்கும்போது பதித்துச் சென்றவை அவை. அக்கோட்டையின் முற்றங்களும் தோட்டமும் இன்று மணவிழா விருந்துகளுக்கு விடப்படுகின்றன. மருதாணி இட்ட கையுடன் வரும் மணமகள் அந்தக் கைகளைப் பார்ப்பாளா? பார்த்தால் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வாளா? சுற்றுலா வந்தவர் அக்கைகளைக் கண்டு தலைகுனிந்து நிற்கலாம். மண ஊர்வலம் அங்குத் தலைகுனியவும் முடியாது, தலைநிமிரவும் முடியாது.

உமைத் பவனின் கதை வேறு. மார்வார் நாட்டில் மழை தொடர்ந்து பொய்த்துப் பஞ்சம் வாட்டியபோது, மக்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டு மகாராஜா உமைத் சிங் 1929-இல் அக்கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார். ஹென்றி லாஞ்செஸ்டர் என்னும் ஆங்கிலேயர் அமைத்த வரைபடப்படி, ஆயிரக்கணக்கானோர் உழைப்பில், 347 அறைகளுடன் அது 1943-இல் நிறைவெய்தியது. பசித்தவன் கல் சுமந்தான். அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது. அரசர் கட்டிய மாளிகைகளுள் நாணமின்றி நிற்கத் தகுதியுடைய சிலவற்றுள் அதுவும் ஒன்று. அத்தகைய இடத்தில் பத்து வகை நாட்டு உணவுகளைப் பரப்பி, பாதிக்கு மேல் மீதமாக்கி, எஞ்சியதை இரவில் அப்புறப்படுத்தும் விருந்து நடக்கும்போது அக்கற்களின் பிறப்பை அறிந்தவனுக்கு உணவு இறங்காது.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதனை எளிதாகத் தள்ளிவிட இயலாது. 1971-இல் இந்திய அரசியலமைப்பின் 26-ஆம் திருத்தம் முன்னாள் மன்னர்களின் மானியத்தை ஒழித்தது. அதன்பின் இம்மாளிகைகளைப் பேணப் பணம் எங்கிருந்து வரும்? 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நீம்ரானா கோட்டை கூரையிழந்து பாழடைந்து கிடந்தது. 1986-இல் அதனை வாங்கியோர் சிறிது சிறிதாகச் செப்பனிட்டு விடுதியாக்கியதால்தான் அது இன்று நிற்கிறது. சமையற்காரரும் தோட்டக்காரரும் இசைவாணரும் அதனால் பிழைக்கின்றனர். இவை யாவும் உண்மை. ஆயினும் இவை கோட்டை விடுதியாவதற்குரிய நியாயங்களேயன்றி, தாலி கட்டும் இடம் அதுவாக வேண்டும் என்பதற்குரிய நியாயங்கள் ஆகா. கோட்டையைக் காக்க விரும்பும் இணையர் மணம் முடித்த பின்னர் அங்குச் சென்று ஒரு கிழமை தங்கட்டும். அறை வாடகை கோட்டைக்குச் சேரும். அத்தையும் ஆசிரியரும் பந்தலில் இருந்திருப்பர்.

மேலும், இவ்வாடகை எல்லாம் பழங்கோட்டையைத்தான் காக்கிறதா? ஜெய்சல்மர் பாலைநிலத்தில் 2023 பிப்ரவரியில் திரைக்கலைஞர் இருவர் மணமுடித்த சூர்யகர், கோட்டை வடிவில் அண்மைக் காலத்தில் எழுப்பப்பட்ட விடுதி. உதயப்பூரில் அரண்மனைத் தோற்றங்காட்டும் பெரிய விடுதிகள் சிலவும் இந்நூற்றாண்டில் கட்டப்பட்டவையே. அங்கு எந்த அரசனும் வாழ்ந்ததில்லை; வாயிலில் தலைப்பாகையுடன் நிற்பவர் மாதச் சம்பளக்காரர். பழைமைக்காகச் செல்வதாகக் கூறுவோர் திரைப்பட அரங்கம் போன்ற புதுமையில் மயங்கித் திரும்புகின்றனர்.

2023 நவம்பரில் இந்தியப் பிரதமர் தம் வானொலி உரையில், வெளிநாடு சென்று மணவிழா நடத்துவோர் இந்திய மண்ணிலேயே நடத்தலாகாதா என்று கேட்டார். பணம் எந்நாட்டில் செலவாக வேண்டும் என்னும் கணக்கு அது. தாலி ஏறும்போது அருகில் நிற்க வேண்டியவர் எவர் என்னும் கேள்வி அதில் இடம்பெறவில்லை.

செல்வர் செல்வத்திற்கேற்பச் செய்வது தவறா என்று கேட்போர் சிலப்பதிகாரத்தை ஒருமுறை புரட்டலாம். புகார் நகரின் பெருவணிகர் இருவர் சம்பந்தம் செய்கின்றனர். செல்வத்தில் அவர்க்கு நிகர் அரிது. அவர்கள் என்ன செய்தனர்? அணிகலன் பூண்ட மகளிரை யானையின் பிடரியில் ஏற்றி, அம்மாநகர் முழுதுக்கும் மணச்செய்தி அறிவித்தனர். நகரைவிட்டு எங்கும் ஓடவில்லை; நகரையே அழைத்தனர். செல்வத்தைக் காட்ட அதைவிடப் பெரிய வழி ஏது?

அப்புகாரினின்று வந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் நகரத்தார் செட்டிநாட்டில் எழுப்பிய வீடுகளும் இவ்வழியே நின்றன. அவற்றின் தேக்கு பர்மாவினின்று வந்தது. பணத்தில் ஒரு பகுதி மலாயாவில் ஈட்டியது. (அப்பணம் ஈட்டிய விதம் வேறொரு கட்டுரைக்குரிய பொருள்.) முகப்பு, வளவு, அதற்கப்பால் இரண்டாங்கட்டு எனத் தெருவுக்குத் தெரு நீண்ட அம்மாளிகைகள் பெருமைக்காகக் கட்டியவையே, ஐயமில்லை. ஆனால் பெருமை உள்ளே பூட்டி வைக்கப்படவில்லை. பங்காளிகள் எல்லோரும் ஒருங்கே கூடி, வளவில் தாலி கட்டி, கட்டுக்குக் கட்டு இலைபோட்டு விருந்திடும் அளவுக்கு வீட்டின் அமைப்பே இடம் தந்தது. அவ்வீட்டிற்கும் மணத்திற்கும் உறவு உண்டு. தாத்தா கைபிடித்த வளவிலேயே பேரனும் கைபிடித்தான். இன்று அவ்வீடுகளுள் சில விடுதிகளாகவும் படப்பிடிப்புத் தளங்களாகவும் மாறியுள்ளன. யாரோ கட்டிய வளவில், யாரோ வந்து, தம் சுற்றத்தை வெளியே விட்டுவிட்டு மணம் முடிக்கத் தொடங்கினால், தேக்குத் தூண்கள் மட்டுமே அங்கு எஞ்சும்.

உறவினர் மூன்று நாடுகளில் சிதறியுள்ளனரே, எல்லார்க்கும் பொதுவான ஓரிடம் வேண்டாவா என்பது கடைசி வாதம். பொதுவான இடம் வேண்டும்தான். எவருக்கும் ஊராக இல்லாத இடம் பொதுவான இடம் ஆகிவிடாது. ஒருவர்க்கேனும் சொந்த ஊராக இருந்தால், அங்கு வரவேற்கவும் தங்கவைக்கவும் கைகள் இருக்கும்.

அதற்கும் ஒரு மாற்று வைத்திருக்கின்றனர். கோட்டையில் மணம் முடித்து, திரும்பி வந்து, உள்ளூர் மண்டபத்தில் ஒரு மாலை வரவேற்பு. அழைப்பிதழில் 'சுற்றமும் நட்பும் சூழ' என்னும் சொற்கள் அப்படியே உள்ளன. மேடையோரத்தில் பெரிய திரை; அதில் கோட்டையும் ஒட்டகமும் தாலி கட்டும் காட்சியும் மாறி மாறி ஓடுகின்றன. பெண்ணைத் தூக்கி வளர்த்த மூதாட்டி மூன்றாம் வரிசையில் அமர்ந்து, முன்னால் நிற்பவர் தலைக்கு மேலே எட்டி எட்டி அத்திரையைப் பார்க்கிறாள்.