சுகர் புண் ஆறாது என்பது பொய்

‘சுகர் உடம்பு, புண் ஆறாது.’ விரலிடுக்கில் சின்னக் கொப்புளம் வந்தாலே பக்கத்து வீட்டுக்காரர் இதைச் சொல்கிறார். மருந்துக்கடைக்காரர் களிம்பை எடுத்துக் கொடுத்தபடியே சொல்கிறார். பார்க்க வந்த உறவினர்கள் நோயாளியின் காதுபடவே சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும் எல்லோருடைய கையும் ஓய்ந்துவிடுகிறது. ஆறாது என்று தீர்ப்பாகிவிட்ட புண்ணுக்கு யார் மெனக்கெடுவார்? கொஞ்ச நாள் மஞ்சள் பற்று, கொஞ்ச நாள் களிம்பு, அப்புறம் நாற்றம், காய்ச்சல், கடைசியில் ‘விரலை எடுத்தாகணும்’. விரல் போன பிறகு, ‘நான்தான் அப்பவே சொன்னேனே’ என்கிறார் முதலில் சொன்னவர். தானே கெடுத்துவிட்டு, கெட்டதையே சாட்சியாகக் காட்டும் நம்பிக்கை இது.

இதற்கு ஒரு விஞ்ஞானச் சட்டையும் மாட்டியிருக்கிறார்கள். ‘பொடி ரத்தக் குழாயெல்லாம் அடைச்சுப் போச்சு, இனி என்ன செய்தும் தோலுக்கு ரத்தம் போகாது’ என்பார்கள். இது பாமரர் கற்பனையில் பிறந்ததல்ல. 1959இல் கோல்டன்பர்க்கும் அவருடைய சகாக்களும், வெட்டி எடுக்கப்பட்ட கால்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நீரிழிவுக்காரர்களின் சிறு தமனிகளில் தனித்தன்மையுள்ள அடைப்பு இருப்பதாக எழுதினார்கள். பெரிய குழாயைத் திறந்து பயனில்லை, வெட்டுவதே வழி என்ற முடிவுக்கு அது துணைபோனது. 1964இல் ஸ்ட்ராண்ட்னஸ் குழுவினர் நீரிழிவு உள்ளவர், இல்லாதவர் கால்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது அப்படி ஒரு தனி அடைப்பு தென்படவில்லை. 1984இல் லோகெர்ஃபோவும் காஃப்மனும் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இந்தக் கருத்தையே மறுத்து எழுதினார்கள். நாற்பது ஆண்டுக்கு முன்பே மறுக்கப்பட்ட கருத்து நம் ஊரில் இன்னும் பேச்சில் இருக்கிறது.

நுண்குழாய்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று நான் வாதிடவில்லை. சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடியே இருந்தால், தோலிலுள்ள தந்துகிகளின் அடிச்சவ்வு தடிக்கிறது. குழாய் விறைத்து, வேண்டிய நேரத்தில் விரிய மறுக்கிறது. காயம் பட்டதும் சுற்றியுள்ள தோல் சிவந்து சூடாவதைப் பார்த்திருப்பீர்கள். நரம்பு கொடுக்கும் குறிப்பால் குழாய்கள் விரிந்து ரத்தத்தை வரவழைக்கும் வேலை அது. நீரிழிவில் நரம்பு மழுங்குவதால் அந்தக் குறிப்பே போய்ச் சேருவதில்லை.

இன்னொரு கோளாறும் உண்டு. பாதத்தில் தமனியையும் சிரையையும் நேராக இணைக்கும் குறுக்கு வழிகள் இருக்கின்றன; அவற்றை மூடித் திறப்பது நரம்பின் பொறுப்பு. நரம்பு கெட்டதும் அவை திறந்தே கிடக்கும். வாய்க்கால் நிறையத் தண்ணீர் ஓடியும் மடையில் ஏறாமல் வடிகாலில் போய்விட்டால் பயிர் வாடும் அல்லவா, அதே கதிதான் தோலுக்கு. இத்தகைய பாதம் தொட்டால் கதகதப்பாக இருக்கும். மேலே சிரைகள் புடைத்துத் தெரியும். வியர்வை நின்றுபோனதால் குதிகால் வறண்டு வெடித்திருக்கும். ‘கால் சூடாத்தானே இருக்கு, ரத்த ஓட்டம் நல்லா இருக்கு’ என்று வீட்டில் ஆறுதல் சொல்வார்கள். உணர்ச்சியற்ற கதகதப்பான பாதம்தான் புண்ணுக்கு முதல் வேட்பாளர்.

ஆக, நுண்குழாய் பழுதுபட்டிருக்கிறது, ஆனால் அடைத்துப்போகவில்லை. பிறகு ஏன் ஆறவில்லை? வலி தெரியாததால் அந்தப் புண்ணின் மேலேயே நடக்கிறோம், அதனால்.

இதை உலகுக்குக் காட்டியவர்களில் முக்கியமானவர் 1914இல் நம் கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட். 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த அவர் முன் நின்றது இதே போன்றொரு மூடநம்பிக்கை: தொழுநோயாளியின் சதை ‘கெட்ட சதை’, ஆறாது. புண் இருந்த பாதங்களுக்கு மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தை எடுத்தார். புண்கள் ஆறின. சதையில் குற்றமில்லை, வலியை உணராத காலின் மீது திரும்பத் திரும்ப விழும் பாரமே காரணம் என்று நிலைநாட்டினார். பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் அதே அறிவை நீரிழிவுக் கால்களுக்கும் பயன்படுத்தினார். உணர்ச்சியிழந்த உள்ளங்காலில் வரும் புண்ணுக்கு, பாதத்தோடு ஒட்டிப் போடும் அந்தக் கட்டு இன்று உலகெங்கும் முதல்தரச் சிகிச்சை. வேலூரில் செத்த நம்பிக்கைக்கு நாம் வேறு பெயரில் உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

‘அப்படியானால் கால்களை வெட்டுவதெல்லாம் எதற்கு?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நீரிழிவில் முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய தமனிகள் அடைபடுவது உண்மை. கிருமி எலும்புவரை இறங்குவதும் உண்மை. சர்க்கரை கூடினால் வெள்ளணுக்கள் சோர்வதால் புண் மெதுவாகத்தான் ஆறும். ஆனால் அந்தத் தமனி அடைப்பை ஆஞ்சியோபிளாஸ்டியிலோ பைபாஸிலோ பலருக்குச் சரிசெய்ய முடியும். அடைப்புக்குக் கீழே பாதத்துத் தமனி பெரும்பாலும் தப்பியிருக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதும் வீண்போகாது: 1998இல் வெளியான பிரிட்டனின் யு.கே.பி.டி.எஸ். ஆய்வில், தீவிரக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களுக்கு நுண்குழாய்ப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. மெதுவாக ஆறும் என்பது வேறு, ஆறவே ஆறாது என்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பியதில்தான் பல கால்கள் போயின. ஆறிய புண்ணும் ஓராண்டுக்குள் சுமார் 40 சதவீதம் பேருக்குத் திரும்ப வருகிறது என்பதையும் மறைக்கத் தேவையில்லை. விடாமல் கவனிக்க அது காரணம், கைவிட அல்ல.

மருத்துவர்களிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும். மாதாமாதம் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து மாத்திரையைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். செருப்பைக் கழற்றச் சொல்வது அரிது. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழையை உள்ளங்காலில் வைத்து, ‘தெரியுதா?’ என்று கேட்டால் போதும். உணர்ச்சி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பாதத்தில் நாடி பார்க்க இரண்டு விரல் போதும்.

நமக்கும் வேலை இருக்கிறது. கால் ஆணியை பிளேடால் சீவாதீர்கள். மரத்த காலை வெந்நீரில் வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலோடு சுற்றாதீர்கள். பூக்குழி வேண்டுதல் இருந்தால் அம்மனிடம் வேறு காணிக்கை சொல்லுங்கள். தினமும் இரவு உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள். புண் வந்துவிட்டால் மருத்துவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: காலுக்கு ரத்தம் வருகிறதா? புண்ணின் மேல் பாரம் விழாமல் இருக்க என்ன வழி? கிருமி எலும்பைத் தொட்டிருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும்வரை விரலை எடுக்கச் சம்மதிக்கும் தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். கிருமி உடம்பெங்கும் பரவி உயிருக்கே ஆபத்து என்றால் மட்டும் தாமதம் கூடாது. மற்ற எந்த நேரத்திலும், ‘சுகர் புண் ஆறாது’ என்பவரின் பேச்சைக் கேட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள்.