சீலோவாம் கோபுரம்

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பெரும்பாலோர் கிறிஸ்தவர்களான கார் நிகோபார் தீவின் கரையோர கிராமங்களைச் சுனாமி துடைத்தெடுத்தது. இப்படி ஒரு பேரழிவு வந்தால், பைபிளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு 'பாவத்துக்குத் தண்டனை' என்று சொல்ல எங்கிருந்தாவது ஒருவர் கிளம்பிவிடுவார். நோவா கதைதான் கைவசம் இருக்கிறதே! வெள்ளம் வடிந்தபின் கடவுள் வானவில்லைக் காட்டி, இனி பூமியை வெள்ளத்தால் அழிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்தது மட்டும் அவர் கண்ணில் படாது.

லூக்கா 13ஆம் அதிகாரம் இன்னும் நேரடியானது. சீலோவாமில் கோபுரம் சரிந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா? இல்லை என்கிறார் இயேசு. ஆறுதல் சொல்ல வருபவர்கள் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அதுவும் நேர்மையல்ல. ஏனென்றால், மனம் திரும்பாவிட்டால் நீங்களும் அழிவீர்கள் என்று அடுத்த வார்த்தை கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்புகிறது. எச்சரிக்கை உயிரோடு இருப்பவர்களுக்கு. செத்தவர்கள் மேல் தீர்ப்பு எழுத அதில் இடமில்லை.

இதைச் சரிபார்க்க நிகோபாரிகள் எந்தப் பிரசங்கியாரின் தயவையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. தமிழரான வேதப்பன் சாலமனிடம் படித்த தீவின் மைந்தர் ஜான் ரிச்சர்ட்சன், பின்னாளில் பிஷப்பானவர், 1952இல் அந்தமான் நிகோபாரின் முதல் எம்.பி.யாக நியமிக்கப்பட்டவர். அவர் உழைப்பில் கார் நிகோபாரி மொழியில் முழு பைபிளும் 1969இல் வந்துவிட்டது. அந்த அடுத்த வார்த்தையும் சேர்த்துத்தான்.