முந்நூறு முட்டை மட்டும் போதுமா?



ஒரகடம் சாலையோரத்தில் என் தாயார் ஒரு சிறிய சிற்றுண்டிக் கடை நடத்தி வருகிறார். இரவு ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளர்கள் முதலில் கேட்பது ஆம்லெட்தான். முப்பது முட்டை கொண்ட ஓர் அட்டையில் சில நாட்கள் இரண்டு மூன்று விரிசல் விட்டிருக்கும். சிலவற்றை உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீராய் ஓடும். "எல்லாம் கிழட்டுக் கோழி முட்டை!" என்று அம்மா அலுத்துக்கொள்வார்.

அது சரிதானா என்று எங்கள் விலங்கியல் ஆசிரியையிடம் கேட்டேன். "நாள்பட்ட முட்டையிலும் வெள்ளைக்கரு நீர்த்துப் போகும். ஆனால் உன் அம்மா சொன்னதிலும் உண்மை உண்டு" என்றார். அன்று தொடங்கிய ஆராய்ச்சியே இக்கட்டுரை.

கோழிக்கு வயது ஏற ஏற முட்டை பெரிதாகும். ஓடோ அதற்கேற்ப வளர்வதில்லை. சிறு மாவுருண்டையைப் பெரிய அப்பளமாகத் தேய்த்தால் மெலிந்து போகுமல்லவா? அதே கதைதான். ஒரு முட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. ஆண்டுக்கு 300 முட்டை என்றால் 600 கிராம்! ஓடு பெரும்பாலும் இரவில் உருவாவதால், தீவனம் போதாத நேரத்தில் கோழி தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துத் தருகிறது. ஆகவே முதிர்ந்த கோழிக்கு ஓடும் மெலிகிறது, எலும்பும் நொறுங்குகிறது. பொதுவாக 72 முதல் 80 வாரங்களில் அதைப் பண்ணையிலிருந்து கழித்து இறைச்சிக்கு விற்றுவிடுகிறார்கள்.

"கிளிஞ்சல் தூள் கூடுதலாகப் போட்டால் போதாதா?" என்று சிலர் கேட்கலாம். தீவனம் தேவைதான். ஆயினும் ஒரே கொட்டகையில் ஒரே தீவனம் தின்னும் கோழிகளில், 80 வாரத்திலும் ஒன்று கெட்டியான முட்டையிடுகிறது, மற்றொன்று இடுவதில்லை. இவ்வேறுபாட்டில் ஒரு பங்கு பரம்பரையாக வருவது. எலும்பின் உறுதியும் அவ்வாறே மரபுவழி வருகிறது என்று ஸ்காட்லாந்தின் ராஸ்லின் ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டிலேயே காட்டினர்.

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். நெடுங்காலமாக இனவிருத்தியாளர்கள் கோழியின் இளமைக் கணக்கை வைத்தே தாய்க்கோழிகளைத் தேர்ந்தெடுத்து வந்தனர். இளமையில் நன்றாக இடுவது முதுமையிலும் நன்றாக இடும் என்பதற்கு உறுதியில்லை. முதற் பருவத் தேர்வில் முதலிடம் பெற்றவள் ஆண்டுத் தேர்விலும் அவ்வாறே பெறுவாளா? அதைப் போலத்தான். சேவலின் நிலை இன்னும் வேடிக்கை. முட்டையே இடாத அதன் தகுதியை, சகோதரிகளையும் மகள்களையும் கொண்டே அளந்தார்கள். 2004இல் கோழியின் மரபணுத் தொகுதி வெளியான பிறகு, குஞ்சுப் பருவத்திலேயே ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு மதிப்பிடும் வழி பிறந்தது. இன்று "100 வாரம், 500 முட்டை" என்பதே பெரிய இனவிருத்தி நிறுவனங்களின் இலக்கு.

இலக்கு நல்லதே. ஆனால் 500 என்ற எண்ணை மட்டும் துரத்தினால் பழைய தவறே மீண்டும் நேரும். ஓட்டின் உறுதி, வெள்ளைக்கருவின் கெட்டி, கோழியின் எலும்பு ஆகிய மூன்றையும் 80 வாரத்துக்குப் பிறகும் அளந்தே தேர்வு செய்ய வேண்டும். நாமக்கல்லிலிருந்து பல மணி நேரம் லாரியில் குலுங்கி வரும் முட்டை உடையாமலிருந்தால், அது சத்துணவுத் தட்டிலிருக்கும் குழந்தைக்கும் என் தாயாரைப் போன்ற சிறு கடைக்காரருக்கும் இலாபம். உழைத்த கோழிக்கும் அது நீதி!

இறுதியாக ஒரு வேண்டுகோள். சிங்கப்பெருமாள் கோவில் வழியே சென்றால், காட்டாங்கொளத்தூர் அருகே காட்டுப்பாக்கத்தில் கால்நடை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அடுத்த சுற்றுலாவுக்கு எங்களை அங்கே அழைத்துச் செல்லுமாறு சகோதரிகளைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். கார் தொழிற்சாலைகளை நாள்தோறும் பேருந்திலிருந்தே பார்க்கிறோம். கோழியையும் ஒரு நாள் பார்ப்போமே!

— பதினொன்றாம் வகுப்பு மாணவி, அறிவியல் பிரிவு