ரோசாஃபாவைக் கேட்டார்களா?

சுற்றுலா என்றால் பேருந்து, புளியோதரைப் பொட்டலம், பாட்டு, திரும்பும் வழியில் யாராவது ஒருத்திக்குத் தலைச்சுற்றல், கடைசியில் ஒரு குழுப்படம் என்று எண்ணிப் பழகியவர்கள் நாங்கள். ஆகவே எங்கள் புவியியல் ஆசிரியை, "இம்முறை வரைபடத்திலேயே ஒரு சுற்றுலா போய் வாருங்கள், நாடு உங்கள் விருப்பம்" என்று பணித்தபோது, தலைச்சுற்றலாவது இராது என்று மகிழ்ந்தோம். ஆனால் அந்தக் காகிதச் சுற்றுலாவில் எங்கள் வகுப்பு இரண்டாகப் பிளந்துபோயிற்று. இரண்டு நாள் இடைவேளையில் ஒருவரோடொருவர் பேசாமல் இருக்கும் அளவுக்கு முற்றிய அந்தச் சண்டையைப் பற்றியும், அதில் எங்கள் கட்சி எது என்பதைப் பற்றியும் இங்கே எழுதத் துணிகிறோம்.

நாங்கள் தேர்ந்த நாடு அல்பேனியா. காரணம், நம் அன்னை தெரசா. அவர் 1910ஆம் ஆண்டு ஸ்கோப்யே நகரில் பிறந்தவர் என்றாலும், அவர் வீட்டில் பேசிய மொழி அல்பேனிய மொழிதான். பால்கன் தீபகற்பத்தில் ஏட்ரியாட்டிக் கடலோரமாகக் கிடக்கும் அந்நாடு நம் கேரளத்தைவிடச் சிறியது. அதிலும் வடக்கு மூலையிலுள்ள மலைப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். அல்பேனிய ஆல்ப்ஸ் என்று புத்தகங்கள் சொல்லும்; அவ்வூர் மக்களோ 'சபிக்கப்பட்ட மலைகள்' என்பார்கள். அங்குள்ள மிக உயர்ந்த சிகரமான எசெர்ட்சா 2,694 மீட்டர். நம் நீலகிரித் தொட்டபெட்டாவைவிட அறுபது மீட்டர்கூட அதிகமில்லை. ஆனால் கோடையிலும் அதன் மடிப்புகளில் பனி கிடக்கும்.

அந்த வடக்குக்கு வாயிலாக இருப்பது ஷ்கோடர் நகரம். பால்கன் நாடுகளிலேயே பெரிய ஏரி அதன் அருகில்தான் இருக்கிறது. மழைக்காலத்தில் விரிந்து கோடையில் சுருங்கும் ஏரி அது; பாதிக்கு மேல் அண்டை நாடான மான்டிநீக்ரோவுக்குச் சொந்தம். ஷ்கோடர் ஒரு மிதிவண்டி நகரம். அங்கே பாட்டிமார்கூடச் சந்தைக்கு மிதிவண்டியில் போய் வருகிறார்கள் என்று படித்ததும், முதல் நாள் நிகழ்ச்சி மிதிவண்டிப் பயணம்தான் என்று ஏகமனதாக முடிவு செய்தோம். (எங்கள் வகுப்பு ஏகமனதாகச் செய்த முடிவு அது ஒன்றுதான்.) நகருக்கு வெளியே கீர் ஆற்றின் மேல், துருக்கியர் ஆட்சிக் காலத்தில், பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கல்பாலம் ஒன்று நிற்கிறது. 13 வளைவுகள், 108 மீட்டர் நீளம். அதுவரை மிதித்துப் போய் வருவது என்று வைத்துக்கொண்டோம்.

நகரத்தில் நாம் தவறவிடக் கூடாதது புனித முடியப்பர் பேராலயம். 1967இல் அந்நாட்டு அரசு எல்லா மதங்களையும் தடைசெய்தபோது, இந்தப் பேராலயத்தை விளையாட்டு அரங்கமாக்கினார்கள். பீடம் இருந்த இடத்தில் பந்து விளையாடினார்கள். பின்னர் ஆட்சி ஆட்டம் கண்டு, மக்கள் மீண்டும் வெளிப்படையாகத் திருப்பலி காணத் தொடங்கினார்கள். 1993 ஏப்ரலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அங்கே வந்து, இதே பேராலயத்தில் நான்கு ஆயர்களைத் திருநிலைப்படுத்தினார்.

இனி சண்டைக்கு வருகிறோம். நகரின் ஓரத்தில், ட்ரின், புனா ஆறுகளைப் பார்த்தபடி ஒரு குன்று. அதன் மேல் ரோசாஃபா கோட்டை. 1478இல் சுல்தான் இரண்டாம் முகமதுவின் பெரும்படை முற்றுகையிட்டும் பிடிக்க முடியாத கோட்டை அது. மறு ஆண்டு வெனிஸ் அரசு உடன்படிக்கை செய்து தானாக விட்டுக்கொடுத்த பிறகுதான் துருக்கியர் கைக்குப் போயிற்று. குன்றின் அடிவாரத்தில் நல்லாலோசனை அன்னையின் திருத்தலம் இருக்கிறது. இத்தாலியில் இன்று வணங்கப்படும் அந்த அன்னையின் படம் 1467இல் இங்கிருந்துதான் புறப்பட்டுச் சென்றது என்பது பரம்பரை நம்பிக்கை. ஆனால் பயணியர்க்கு வழிகாட்டிகள் முதலில் சொல்வது முற்றுகையையும் அல்ல, திருத்தலத்தையும் அல்ல. ரோசாஃபாவின் கதையைத்தான்.

மூன்று சகோதரர்கள் கோட்டை கட்டினார்களாம். பகலில் எழுந்த சுவர் இரவில் சரிந்தது. அவ்வழியே வந்த முதியவர் ஒருவர், "நாளை உங்கள் மனைவியரில் எவள் பகலுணவு கொண்டு வருகிறாளோ, அவளைச் சுவரில் வைத்துக் கட்டுங்கள், சுவர் நிற்கும். ஆனால் வீட்டில் வாய் திறக்கக் கூடாது" என்றார். மூவரும் வாக்குக் கொடுத்தார்கள். மூத்தவர் இருவரும் அன்றிரவே மனைவியர் காதில் ஓதிவிட்டனர். இளையவன் மட்டும் வாக்கைக் காத்தான். மறுநாள் மாமியார் கூடையை எடுத்துப் போகச் சொன்னபோது, ஓரகத்தியர் இருவரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவினர். கைக்குழந்தைக்காரியான இளையவள் ரோசாஃபா கூடையைத் தூக்கிக்கொண்டு குன்றேறினாள். செய்தியைக் கேட்டதும் அவள் ஒரே ஒரு வரம் கேட்டாளாம். பிள்ளைக்குப் பாலூட்ட ஒரு மார்பும், தடவிக் கொடுக்க ஒரு கையும், தொட்டிலாட்ட ஒரு காலும் வெளியே இருக்கும்படி சுவரைக் கட்டுங்கள் என்றாளாம். கோட்டை வாயிலில் சுண்ணாம்புக் கல்லிலிருந்து வெள்ளையாகக் கசியும் நீரை அவளுடைய பால் என்று தாய்மார் பூசிக்கொள்வதுண்டு.

எதிர்க்கட்சித் தோழியர் கண் கலங்கிவிட்டார்கள். "இதுவல்லவா தாய்மை! இதுவல்லவா தியாகம்!" என்றார்கள். எங்கள் சுற்றுலாக் குறிப்பேட்டின் அட்டையிலேயே 'தியாகத்தின் திருவுருவம் ரோசாஃபா' என்று எழுத வேண்டும் என்றார்கள். கோதுமை மணி உவமையைக்கூடத் துணைக்கு அழைத்தார்கள்.

நாங்கள் மறுத்தோம், இப்போதும் மறுக்கிறோம். ரோசாஃபாவின் அன்பை அல்ல. அந்த அன்புக்கு நாம் சூட்டும் பெயரை. அவளை யார் கேட்டார்கள்? உண்மை தெரிந்த இருவர் வீட்டிலேயே தங்கிவிட்டனர். தெரியாதவள் சுவருக்குள் போனாள். இது தியாகம் அல்ல, ஏமாற்று. "கடைசியில் அவளே சம்மதித்தாளே" என்று ஒருத்தி எங்களை மடக்கினாள். கட்டுவதென்று ஆண்கள் முடிவு செய்து, கல்லும் சாந்தும் ஆயத்தமாக நிற்கும்போது பெற்ற சம்மதத்துக்கு என்ன மதிப்பு? இளையவன் வாக்குத் தவறாதவன் என்றும் புகழ்கிறார்கள். முன்பின் அறியாத முதியவருக்குக் கொடுத்த வாக்கு நினைவிருந்தது. கைப்பிடித்தவளுக்குக் கொடுத்த வாக்கு என்னவாயிற்று? நம் ஆண்டவர் தம்மைத் தாமே மனமுவந்து கையளித்தார் என்றுதான் மறைக்கல்வி வகுப்பில் கற்றிருக்கிறோம். மனமுவந்து என்ற அந்தச் சொல்லை எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது கொலைதான்.

வாக்குக்கு அல்பேனியர் 'பெசா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதை நாங்கள் இகழவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் அந்நாட்டைப் பிடித்திருந்தபோது, தஞ்சம் புகுந்த யூதர்களைக் காட்டிக்கொடுக்காமல் அல்பேனியக் குடும்பங்கள் காத்தது இந்தப் பெசாவினால்தான். அடைக்கலம் வந்தவரைக் காப்பதற்கு வாக்கு வேண்டும். வீட்டுப் பெண்ணைச் சுவரில் வைக்க அது எதற்கு?

இந்தக் கேள்வியோடு மலையேறியதால் (காகிதத்தில்தான்!) மற்ற இடங்களும் எங்களுக்கு வேறாகத் தெரிந்தன. தெத் என்பது நாற்புறமும் சுண்ணாம்புப் பாறைகள் சூழ்ந்த ஒரு சிற்றூர். மரப்பலகைக் கூரை வேய்ந்த சிறிய ஆலயம், அதைச் சுற்றிப் புல்வெளி, சற்றுத் தொலைவில் ஓர் அருவி. அழகுக்குக் குறைவில்லை. அங்கே சன்னல் என்று சொல்ல முடியாத சிறு துளைகளோடு கல்லால் ஆன கோபுரம் ஒன்று இருக்கிறது. பழிக்குப் பழி என்று குடும்பங்கள் கொன்று தீர்த்த காலத்தில், துரத்தப்பட்ட ஆண்கள் சமரசம் ஏற்படும்வரை அதற்குள் அடைந்து கிடந்தார்கள். இன்று பயணியர் அதன் வாசலில் நின்று சிரித்தபடி படம் எடுத்துக்கொள்கிறார்கள். நாங்கள் அதைச் செய்ய மாட்டோம். பழிவாங்கல் பழங்கதையும் அல்ல. 1991க்குப் பின் அது மறுபடி தலைதூக்கி, பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்த நிலை அம்மலைநாட்டில் ஏற்பட்டது.

ஆண்கள் கோபுரத்துக்குள் இருந்தால் வயலில் யார்? பெண்கள்தான். பழிவாங்கலில் பெண்ணைத் தொடக் கூடாது என்பது மலையவர் சட்டம். ஆகவே உழுவது, விறகு சுமப்பது, மாவரைக்கப் போவது எல்லாம் அவர்கள் தலையில். அந்தச் சட்டத்துக்குக் கானூன் என்று பெயர். ஷ்டியெஃபன் ஜெச்சோவி என்ற பிரான்சிஸ்கன் துறவி ஊர் ஊராகச் சென்று அதைத் தொகுத்தார். 1929இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். நூல் 1933இல் வெளிவந்தது. விருந்தினரைத் தெய்வத்துக்கு அடுத்தபடியாக வைக்கும் அதே கானூன், பெண்ணைச் சுமை தாங்கும் தோற்பைக்கு ஒப்பிடுகிறது. படித்தபோது எதிர்க்கட்சியினர் முகமும் சற்று மாறியது. அதை நாங்கள் கவனிக்காமல் இல்லை.

இந்த மலைகளைப் பற்றி எழுதிய வெளிநாட்டார் பலரில் எங்களுக்குப் பிடித்தவர் எடித் டர்ஹாம் என்ற ஆங்கிலப் பெண்மணி. நோயுற்ற தாயைப் பல ஆண்டுகள் கவனித்துத் தாமும் உடல் நலிந்தபோது, மருத்துவர் சொல்லிப் பயணம் புறப்பட்டவர் அவர். 1908இல், நாற்பது வயதைக் கடந்த பிறகு, குதிரையிலும் நடந்துமாக இந்த மலைகளைச் சுற்றினார். பாறையை எழுதியதோடு நிற்கவில்லை. எவர் வீட்டில் தங்கினோம், என்ன உண்டோம், அங்கே யார் எதற்காக அழுதார் என்பதையும் எழுதினார். பிறகு போர் வந்தபோது உணவும் துணியும் கொண்டுபோய்க் கொடுத்தார். சுற்றிப் பார்ப்பது என்றால் இப்படிப் பார்க்க வேண்டும் என்பது எங்கள் கட்சி.

தெத்திலிருந்து வல்போனா பள்ளத்தாக்குக்கு மலையைத் தாண்டி நடக்கலாம். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரக் கணவாய்; ஆறு முதல் எட்டு மணி நேர நடை. குளிர்காலத்தில் பனி மூடிவிடும். பெற்றோர் முகம் சுளிக்க வேண்டாம். உலகெங்குமிருந்து பெண்கள் அங்கே வந்து நடக்கிறார்கள், பாறையிலும் மரத்திலும் வண்ணக் குறி இட்டிருக்கிறார்கள். இரவில் தங்குவது ஊர்க்காரர் வீடுகளில். அங்கே 'ஃப்லி' என்று ஒரு பண்டம். தோசை மாவுபோல் நீர்த்த மாவை ஒரு சுற்று ஊற்றி, தணலில் காய்ந்த மூடியால் மூடி, வெந்ததும் அடுத்த சுற்று, அதன்மேல் இன்னொன்று என்று மணிக்கணக்காக அடுக்கிக்கொண்டே போக வேண்டும். விருந்தோம்பலுக்குப் பெயர் வீட்டுத் தலைவருக்கு; தணலருகே அமர்ந்திருப்பவள் பெயரைப் பயண நூல்கள் அச்சிடுவதில்லை. நாங்கள் போனால் முதலில் அவள் பெயரைக் கேட்போம்.

கடைசியாக ஒரு பெயர். மரியா டூச்சி. 1928இல் மிர்தித்தா மலைப்பகுதியில் பிறந்தவர். ஷ்கோடரில் கன்னியரிடம் படித்து, தாமும் கன்னியராக விரும்பி, ஊர்ப்புறத்தில் குழந்தைகளுக்கு ஆசிரியையாக இருந்தார். 1949இல் கைது செய்தார்கள். அவரைக் கேட்டார்கள், தோழியரே! ரோசாஃபாவைப்போல் அல்ல; அவரைப் பலமுறை கேட்டார்கள். காட்டிக்கொடு, இணங்கிவிடு, விட்டுவிடுகிறோம் என்றார்கள். மரியா மறுத்தார். இங்கே எழுதத் தகாத சித்திரவதைகளுக்குப் பின் 1950 அக்டோபரில், 22ஆம் வயதில் மருத்துவமனையில் உயிர் நீத்தார். 2016 நவம்பரில் ஷ்கோடர் பேராலயத்தில் 38 மறைசாட்சிகள் முத்திப்பேறு பெற்றவர்களாக அறிவிக்கப்பட்டபோது, அவர்களுள் இவர் ஒருவரே பெண். கதவு திறந்திருந்தும் போகாமல் நின்றவர் இவர். தியாகம் என்ற சொல்லை நாங்கள் இவருக்கு வைத்திருக்கிறோம். அதனால்தான் ரோசாஃபாவுக்குத் தர மனம் வரவில்லை.

இவ்வளவு தொலைவிலுள்ள கோட்டைக்காக ஏன் சண்டை என்று கேட்பீர்கள். சென்ற ஆண்டுவரை எங்களோடு படித்த ஒருத்தி, தாயாருக்கு உடல்நிலை சரியில்லாமல் போனதும், தம்பிமாரைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டு நின்றாள். எல்லாரும் அவளைத் தியாகச் சுடர் என்று பாராட்டினோம், நாங்களும்தான். நிற்கச் சம்மதமா என்று அவளை ஒருவரும் கேட்டதாக எங்களுக்குத் தெரியவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

குறிப்பேட்டின் அட்டை இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. முதல் நாள் கோட்டை, கடைசி நாள் பேராலயம் என்று எழுதியிருந்ததை அழித்து, மாற்றிப் போட்டிருக்கிறோம். அதற்கு மட்டும் இரு கட்சியும் இசைந்தது. பள்ளியை விட்டு நின்றவளின் வீட்டுக்கு வரும் சனிக்கிழமை ஆறு பேர் போகிறோம். எதிர்க்கட்சியிலிருந்து மூவர்.